சாம்பல் ஓவர்சியர்

நான் முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, நடு வெயிலில், வெட்டவெளியில், ஒரு மனிதரைத் தரையில் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மல்லாக்கப் படுங்க. வீட்டுல எப்பிடிப் படுப்பீகளோ அப்பிடி."

"வீடு இருந்தாத்தான அய்யா எப்பிடிப் படுப்பேன்னு தெரியும்?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. படுக்கச் சொன்னவர் சிரிக்கவில்லை. "அதத்தான் இன்னைக்குத் தெரிஞ்சுக்கப் போறோம். படுங்க" என்றார்.

1969, ஆடி மாதத்தின் மூன்றாவது வாரம். திருச்சுழியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஒரு கிராமம். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் நான் கிளார்க்காகச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைய டைரிப் பக்கத்தில் 'சாம்பல்' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பது வரை எழுதியிருப்பவன், அன்றைக்கு மட்டும் ஏன் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. அந்தச் சொல்லே போதும் என்று நினைத்திருப்பேன்.

அந்த ஆண்டுகளில் வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தர மாநில அரசிலிருந்து யூனியன்களுக்கு மானியம் வந்தது. புறம்போக்கில் இடம், பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஓர் அறை, முன்னால் கொஞ்சம் வெளி. பத்துப் பதினைந்து வீட்டுக்கு ஒரு கிணறு, ஒரு தெருவிளக்கு. வரைபடம் மேலிருந்து அச்சாகி வரும். அதைப் பார்த்து அஸ்திவாரம் தோண்ட வைப்பதுதான் ஓவர்சியர் வேலை. மற்ற ஓவர்சியர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

இவர் மட்டும் ஒரு துணிப்பை கொண்டுவருவார். அதற்குள் அளவு டேப்பும், அடியில் ஆணியால் பொத்தல் போட்ட தகர டப்பா ஒன்றும் இருக்கும். ஊருக்குள் போய் நாலைந்து வீட்டு அடுப்புச் சாம்பலைக் கேட்டு வாங்குவார். டப்பாவில் நிரப்பி, கரிசல் தரைமேல் தட்டிக்கொண்டே நடப்பார். கறுப்பு மண்ணில் வெள்ளையாகக் கோடு விழும். நாலு சுவர். கதவுக்கு மூன்றடி இடைவெளி. வரைந்து முடித்ததும் அந்த வீடு யாருக்கோ, அந்தக் குடும்பத்தை உள்ளே போகச் சொல்வார்.

"சாயங்காலம் வரைக்கும் இதுல குடியிருங்க. அடுப்பு வைங்க, சோறாக்குங்க, புள்ளையத் தூங்க வைங்க. எது இடிக்குதுன்னு சொல்லுங்க."

அடுப்பு, பானை, பிள்ளைகள் போக மிஞ்சிய இடத்தில் படுத்த அந்த மனிதரின் கால் அன்றைக்குச் சுவருக்கு வெளியே அரையடி நீண்டது.

"பரவாயில்லங்கய்யா. காலை மடக்கிக்கிறேன்."

"எத்தன வருசத்துக்கு மடக்குவீக?"

அவரை எழுப்பி, வேறு பக்கமாகப் படுக்க வைத்தார். அந்தப் பக்கம் கதவு இடித்தது. காலால் கோட்டை அழித்து, கதவை மூலைப் பக்கம் ஒரு முழம் தள்ளிப் போட்டார். படுத்தவரின் மனைவி அடுப்புக்கு வைத்திருந்த மூன்று கல்லையும் பார்த்துவிட்டு, ஆடிக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அந்த அம்மாளிடமே கேட்டார். புகை முழுக்கப் படுக்கும் இடத்துக்குப் போகும் என்று அந்த அம்மாளே கண்டுபிடித்து, கல்லைத் தூக்கி எதிர் மூலையில் வைத்தாள். ஜன்னல் அதற்கேற்ப நகர்ந்தது. ஊர் முழுக்கக் கூத்துப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தது.

இதனால் அவருக்குச் சாம்பல் ஓவர்சியர் என்று பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிராமங்களில் யாருக்கும் தெரியாது. நானும் இங்கே அதை எழுதப் போவதில்லை.

எங்கள் என்ஜினியருக்கு இது பிடிக்காது. ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஓவர்சியர், நீர் வீடு கட்டுறீரா, பாண்டி ஆடுறீரா?"

"பாண்டிக்கும் தாண்டுற பிள்ளையோட கால் அளவைப் பாத்துத்தான் சார் கட்டம் போடுவாக" என்றார் இவர். பிறகு பணிவாக, "அளவு ஒரு அங்குலம்கூட மாறலை சார். கதவும் ஜன்னலும் மட்டும் நகந்திருக்கு" என்றார். என்ஜினியர் வரைபடத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆள் ஒல்லி. முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏறுவார். மாலையில் முழங்கையும் முழங்காலும் சாம்பல் நிறத்தில் இறங்குவார். டீக்கடையில் அவர் குடித்த கிளாஸை அடையாளம் சொல்லிவிடலாம், விரல் தடம் இருக்கும். எட்டு வைத்து அளக்கும்போது மட்டும் தெலுங்கில் எண்ணுவார். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று உதடு அசையும். மற்ற எல்லாப் பேச்சும் எங்கள் ஊர்த் தமிழ்தான்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் மாலை அவரோடு நின்றிருந்தேன். "தம்பி, இங்க உக்காந்திருக்கிறவுகள்ல வீடு இருக்கிறவுக யாரு, இல்லாதவுக யாருன்னு சொல்லுங்க பாப்பம்" என்றார். நான் கிழிந்த துணியைப் பார்த்துச் சொன்னேன். பாதி தப்பு என்றார்.

"துணியப் பாக்காதீக. கையப் பாருங்க. வீடு இருக்கிறவன் மூட்டைய எறக்கி வச்சிட்டு வேடிக்கை பாப்பான். இல்லாதவன் எங்க உக்காந்தாலும் மூட்டையத் தொட்டுக்கிட்டேதான் உக்காருவான். அந்தக் கைய எடுக்க வைக்கிறதுதான் நம்ம டிபார்ட்மெண்ட்டு."

அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுகளில் நான் மனிதர்களின் கையைத்தான் பார்க்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு ஒன்றின் பின்பக்கம் ஒற்றை அறையில் தனியாகத் தங்கியிருந்தார். அவர் பிறந்ததும் அந்த வட்டாரம்தான். கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடன் வாங்கியிருந்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாளோடு தெலுங்கில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே பேச்சு வந்தபோது, இந்தக் கோடு போடும் பழக்கம் எங்கே பிடித்தது என்று கேட்டேன்.

"எங்கம்மாகிட்ட" என்றார்.

அவர் சிறுவனாக இருந்தபோது தறி போட்டது போக மிச்சமிருந்த இடத்தில் இரண்டு குடும்பம் குடியிருந்தது. நடுவே தடுப்புச் சுவர் வைக்க இடமில்லை. அவர் அம்மா தினமும் விடிந்ததும் கோலமாவால் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள். இந்தப் பக்கம் இவர்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வீடு. அந்தப் பக்கத்து அம்மாள் குழம்பு கொடுக்க வந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏமம்மா, இருக்கியா?" என்று கூப்பிடுவாள். ஒரு முழ தூரத்தில் இவர் அம்மா உட்கார்ந்திருப்பாள். இருந்தாலும் கூப்பிடுவாள்.

"பதினோரு வருசம் அப்பிடி இருந்தோம் தம்பி. பந்து உருண்டு போனாக்கூடக் கேட்டுத்தான் எடுக்கணும். அந்தக் கோட்ட யாரும் மிதிச்சதில்ல. எங்கம்மா செத்த அன்னைக்குக் காலைல மாவு போட ஆளில்ல. அன்னைக்குத்தான் அவுக நேரா நடந்து வந்தாக."

பிறகு டம்ளரைக் கழுவ எழுந்து போய்விட்டார். அவர் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னதாக என் டைரியில் இருப்பது இவ்வளவுதான்.

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு பொட்டலில் பதினாலு வீட்டுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1970 தை மாதம் அங்கே கோடு போட்டார். அதில் ஒரு வீடு காளியம்மாவுக்கு. அவள் கணவன் சுப்பையா கிணறு வெட்டும் வேலைக்காரன். எந்த ஊரில் கிணறு வெட்டுகிறார்களோ அந்தக் கிணற்று மேட்டில்தான் குடும்பம் இருக்கும். வேலை இல்லாத மாதங்களில் பள்ளிக்கூட வராந்தா. மணி அடிக்குமுன் சட்டி பானையை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டு பெண் குழந்தைகள்.

சுப்பையா நல்ல உயரம். கோட்டு வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது, வாசல் இடைவெளியில் தலையைக் குனிந்தான். நிலை இல்லை, ஒன்றுமில்லை. மேலே ஆகாயம். எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஓவர்சியர் சிரித்தபடி திரும்பியவர், டப்பாவில் சாம்பல் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் குறிப்பில் நிலையின் உயரத்தைக் கூட்டி எழுதினார்.

வழக்கமாக ஒரு வாரத்துக்குள் அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். அந்த முறை மானியத்தின் முதல் தவணை வரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று நாள் போனது. மற்றப் பதிமூன்று வீட்டுக் கோடுகளைக் காற்றும் ஆடும் அழித்துவிட்டன. காளியம்மா வீட்டுக் கோடு அழியவில்லை. அவள் அங்கேயே குடியிருந்தாள். தினமும் அடுப்புச் சாம்பலை அள்ளி, மங்கின இடத்தில் தட்டிவிடுவாள்.

ஓலையோ கம்போ நட்டு ஒரு குடிசையாவது போட்டுக்கொண்டிருக்கலாம். இடம் இன்னும் கைக்கு வராததால் எதையும் நடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. கோட்டை யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஊர்ப் பெண்கள் வேண்டுமென்றே சுவரோரம் வந்து நிற்பார்கள்.

"ஏ காளி, செவத்துக்கு மேல எட்டி ஒரு வாய் வெத்தல குடேன்."

"செவத்துல ஏறுனா விழுந்து பல்லு போயிரும். வாசல் அங்கிட்டு இருக்கு, சுத்தி வா."

அவர்கள் சுற்றித்தான் வருவார்கள். கேலி பேசிக்கொண்டே சுற்றி வருவார்கள். குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட வாசல் வழியாகத்தான் ஓடினார்கள். நாய் மட்டும் சுவரைத் தாண்டிப் போய் அடி வாங்கியது.

சரிபார்க்கும் அதிகாரி வந்தது மாசியில் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். டைரியைப் பார்த்தேன். பங்குனி முதல் வாரம். மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும் என்பதால் அவசரமாக வந்தார். பெயர்ப் பட்டியலில் இருக்கிறவர்கள் உண்மையிலேயே வீடில்லாதவர்களா என்று விசாரித்து முடித்தால்தான் பணம் இறங்கும். ஓவர்சியர் அன்றைக்கு நரிக்குடிப் பக்கம் ஒரு கிணற்று வேலைக்குப் போயிருந்தார். பதிவேட்டோடு நான் போனேன்.

பள்ளிக்கூட வேம்படியில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார். கடுமையான ஆள் இல்லை. வெயிலும் அவசரமும்தான். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, சொந்த வீடு உண்டா இல்லையா என்று கேட்பார். அவர்கள் சொல்லும் பதிலை நான் எழுத வேண்டும். பிறகு கைநாட்டு. பதிமூன்று பேரும் "இல்லீங்கய்யா" என்றார்கள்.

காளியம்மா எண்ணெய் வைத்துத் தலை வாரி, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வீடு இருக்கா?"

திரும்பிப் பொட்டல் பக்கம் பார்த்தாள்.

"உன்னத்தாம்மா. இருக்கா, இல்லையா?"

"இருக்குங்கய்யா."

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏண்டி, கூறுகெட்டவளே, என்ன சொல்ற?" என்றாள்.

"எங்க இருக்கு?" என்றார் அதிகாரி, பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

"பொட்டல்ல. மேக்கருந்து மூணாவது வீடு. வாசக் கெழக்க."

"எழுதுங்க தம்பி. உண்டு."

எனக்குத் தெரியும். அந்த வேம்படியில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். சார், அது சாம்பல் கோடு என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஒன்பது மாத உத்தியோகம். மேலிடத்து அதிகாரி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று மட்டும்தான் அதுவரை கற்றிருந்தேன். 'உண்டு' என்று எழுதினேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் தொட்டு அதன் கீழே வைத்ததும் நான்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஓவர்சியரிடம் சொன்னேன். காளியம்மா பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது, வீடு இருக்கிறது என்று அவளே சொல்லிவிட்டாள் என்றேன். எழுதிய கை யாருடையது என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார்.

"இங்க ஸ்டாப் இல்ல சார்."

"எனக்கு இருக்கு."

இறங்கினார். நானும் இறங்கினேன். காட்டு வழியே அரை மணி நேரம் நடந்தோம்.

காளியம்மா அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். ஓவர்சியர் வாசல் இடைவெளிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "வரலாமா தாயி?" என்றார்.

"வாங்கய்யா. கிளார்க்குத் தம்பியும் வாங்க."

உட்கார்ந்தோம். அவர் மெதுவாகக் கேட்டார். "அதிகாரி கேட்டப்ப இருக்குன்னுட்டீகளாமே?"

"ஆமாங்கய்யா."

"இல்லைன்னு சொல்றவுகளுக்குத்தான தாயி வீடு."

"தெரியும்யா. எனக்கென்ன, காது கேக்காதா? எல்லாரும் சொன்னத நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். வாய் வரணும்ல?" கூழைக் கிண்டுவதை நிறுத்தினாள். "தை வெள்ளியன்னைக்கு இங்க பால் காச்சினேன். வெள்ளாட்டுப் பாலு, கடனுக்கு வாங்கி. பிள்ளைகளக் கெழக்க பாக்க உக்கார வச்சுக் குடுத்தேன். பால் காச்சிக் குடி வந்த வீட்ட, ஊர் நடுவுல நின்னு இல்லைங்கச் சொல்றீகளா? பானையில அரிசி தீந்தாக்கூட இல்லைன்னு சொல்ல மாட்டோம், நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். வீட்டப் போயி எப்பிடியா சொல்றது?"

ஓவர்சியர் தலையைக் குனிந்துகொண்டார். "குடியிருங்கன்னு நாந்தான சொன்னேன். தப்பு எம்பேர்லதான்" என்றார்.

"தப்பு என்னத்துக்குய்யா? நல்லாத்தான் இருக்கோம். அவரு வேலைக்குப் போற எடத்துல, ஊரு எதுன்னு கேட்டா இப்பத்தான் ஒரு ஊரு பேரு சொல்றாரு."

ஓவர்சியர் எழுந்தார். "தம்பி, டேப்பப் பிடிங்க" என்றார்.

சாம்பல் கோட்டின்மேல் டேப்பை வைத்து நாலு பக்கமும் அளந்தோம். பையிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தார். எம்-புக்கு என்று ஆபீஸில் சொல்வோம். எந்த அரசாங்கக் கட்டடத்தின் அளவும் அதில்தான் ஏறும். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. கிழிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. உட்கார்ந்து, முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினார். நீளம் பன்னிரண்டடி. அகலம் பத்தடி. உயரம்: இல்லை. கட்டுமானப் பொருள்: சாம்பல். கூரை: இல்லை. குடியிருப்போர்: நால்வர். கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார்.

அன்று மாலை என்ஜினியர் போட்ட சத்தம் வெளியே டீக்கடை வரை கேட்டது.

"இது கவர்மெண்ட் புத்தகம்யா! இதுல ஏறினா ஒரு எழுத்தை எடுக்க முடியுமா?"

"முடியாது சார். அதனாலதான் அதுல எழுதினேன்."

எம்-புக்கில் ஏறிய எந்த அளவையும் மேல் அதிகாரி நேரில் போய் மறுபடி அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பதிவேடோ வீடு 'உண்டு' என்கிறது. எம்-புக்கோ உயரம் இல்லை என்கிறது. என்ஜினியர் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. 'உண்டு' என்று முடித்த அதிகாரியும் வந்தாக வேண்டும். ஓவர்சியருக்கு அன்றைக்கே மெமோ கொடுத்தார்கள். அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றும் சொன்னார்கள்.

பங்குனி மூன்றாவது வாரம் ஜீப் வந்தது. என்ஜினியர், அந்த அதிகாரி, பதிவேட்டோடு நான். பொட்டலின் நடுவே அந்த ஒரே வெள்ளைக் கட்டம். சுப்பையாவும் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தான். அதிகாரி கோட்டுக்கு அருகே வந்து நின்றார். இன்னும் ஓர் எட்டு வைத்தால் உள்ளே.

காளியம்மா அடுப்படியிலிருந்து, "வாசல் அங்கிட்டு இருக்குங்கய்யா" என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. வழி சொன்னாள். அதிகாரி அவளைப் பார்த்தார். குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு சுவரோரமாக நடந்து, மூலை திரும்பி, வாசலுக்கு வந்தார். பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. நாங்கள் காத்து நின்றோம். உள்ளே போனார். அடுப்பு, சாம்பல் தட்டும் கொட்டாங்கச்சி, மடித்து வைத்த இரண்டு சாக்கு, தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண். எல்லாவற்றையும் பார்த்தார்.

"எப்போலேர்ந்து இருக்கீங்க?"

"தையிலருந்துங்கய்யா."

என்னைப் பார்த்துக் கை நீட்டினார். பதிவேட்டையும் பேனாவையும் கொடுத்தேன். 'உண்டு' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டார். எழுதினாரே தவிர, அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகும், ஜீப்பில் ஏறும் வரைக்கும் சொல்லவில்லை.

ஆனால் அந்த ஆண்டுப் பணம் பதிமூன்று வீட்டுக்கு என்று முடிவாகிப் போயிருந்தது. பதினாலாவது அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில்தான் என்றார்கள். சித்திரையில் பதிமூன்று வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். சித்திரையிலேயே ஓவர்சியருக்கு மாற்றல் வந்தது. மாவட்டத்தின் மறுகோடியில், கடலோரத்து யூனியன் ஒன்றுக்கு.

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, அந்தத் துணிப்பை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னோடு பேசினார். "காளியம்மா வீட்டுக் கதவு தெக்கு மூலையிலருந்து நாலடி தம்பி. புது ஆளு வரைபடத்தப் பாத்து நடுவுல வச்சிருவாரு. அப்பிடி வச்சா அவுகளுக்குப் படுக்க எடம் பத்தாது. நெனப்பு வச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த 'உண்டு' என் கை. பதிவேட்டை அவர் பார்த்திருப்பார். என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்கிறாரா, கவனிக்கவே இல்லையா என்று ஒரு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஏறி உட்காரும் வரை வாய்ப்பு இருந்தது. நான் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டேன்.

புது ஒதுக்கீட்டுப் பணம் வந்து, புது ஓவர்சியர் ஆவணியில் காளியம்மா வீட்டு வேலையைத் தொடங்கினார். கதவை நடுவில்தான் வைக்கப் போனார். என் உத்தியோகத்தில் முதன்முதலாக அன்றைக்குத்தான் குறுக்கே பேசினேன். அவர் முறைத்தார், பிறகு நாலடியில் வைத்தார்.

ஐப்பசி இரண்டாவது வாரம் நல்ல மழை. கணக்கெடுப்பு ஒன்றுக்காக அந்தப் பக்கம் போயிருந்தவன், நனைந்தபடி அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். காளியம்மா உள்ளே இழுக்காத குறையாகக் கூப்பிட்டாள். ஓட்டின்மேல் மழை அடித்த சத்தத்தில் இரண்டு முறை சொல்லித்தான் பேச்சு காதில் விழுந்தது. பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அடிக்கடி திரும்பி, சுவரைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, அய்யாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போடணும். எழுதுவீகளா?"

என்னிடம் எப்போதும் ஒன்றிரண்டு தபால் கார்டு இருக்கும். எடுத்தேன். என்ன எழுத வேண்டும் என்றேன். நீளமாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்துச் சின்ன எழுத்தாகத் தொடங்க நினைத்தேன்.

"மழ பேஞ்சுச்சு. நாங்க உள்ள இருந்தோம்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தான்."

எழுதிக் காட்டினேன். படிக்கத் தெரியாதவள், வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "பாதிக் கார்டு சும்மா கெடக்கே, நீங்க எதும் எழுதுறீகளா?" என்றாள்.

மழை விடுவதாக இல்லை. அவள் வீட்டுச் சுவரில் கார்டை வைத்து, மிச்சமிருந்த இடத்தில், பதிவேட்டில் அன்றைக்கு எழுதியது நான் என்று எழுதினேன். மன்னிக்கவும் என்று எழுதினேனா என்பது டைரியில் இல்லை. பரளச்சித் தபால் பெட்டியில் போட்டேன்.

பதில் வரவில்லை. சில வருடம் கழித்து அந்தக் கடலோரத்து ஆபீஸுக்கு ஒரு வேலையாகப் போனபோது விசாரித்தேன். அங்கிருந்தும் மாற்றலாகிப் போய்விட்டார், எங்கே என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. அவர் அந்தப் பொட்டலுக்கு மறுபடி வந்ததாக யாரும் சொல்லவில்லை. சாம்பல் வீட்டுக்குள் எத்தனையோ முறை போய் வந்த மனிதர், சுவர் எழும்பிய பிறகு அதைப் பார்க்கவில்லை. ஆள் இல்லாத விலாசத்துக்குப் போகும் கார்டு அனுப்பியவருக்கே திரும்பி வந்துவிடும். நான் அனுப்பியவர் விலாசத்தைத் தெளிவாக எழுதியிருந்தேன். இதுவரை திரும்பி வரவில்லை. அதனால் அவர் படித்துவிட்டார் என்றே வைத்திருக்கிறேன்.